ஒரு குடம் தண்ணீரைத் தூக்க எவ்வளவு வேலை?

லாஸ்பேட்டை மேட்டில் ஒரு வீட்டுக் கணக்கு

புதுச்சேரிக் கடற்கரையில் இருந்து லாஸ்பேட்டைக்குச் சைக்கிள் மிதித்துப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"போகும்போது மூச்சு வாங்கும். திரும்பி வரும்போது வண்டி தானாக ஓடும்" என்று சொல்வார்கள்.

காரணம் என்ன? லாஸ்பேட்டை ஒரு மேடு. பார்த்தால் மலை போலத் தெரியாது. ஆனால் காலுக்குத் தெரியும்!

லாஸ்பேட்டையில் உள்ள விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்து மாடிக் கட்டிடத்தைவிட அதிக உயரம்! பக்கத்து ஊரின் பெயரே கோரிமேடு. செம்மண் பூமி, கடற்கரையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போகிறது.

"லா" என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் லாஸ்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறார்கள். லா தெ லொரிஸ்தோன் என்பவர் 1765-ம் ஆண்டு முதல் புதுச்சேரியின் கவர்னராக இருந்தார். போரில் இடிந்து கிடந்த புதுச்சேரியை மீண்டும் கட்டி எழுப்பியவர் அவர்.

மேட்டு ஊரில் குடி இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு தெரிந்து இருக்க வேண்டும். அதுதான், ஒரு பொருளை மேலே தூக்க எவ்வளவு வேலை ஆகும் என்ற கணக்கு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் இது வருகிறது. ஆனால் பாடப்புத்தகத்தோடு நிற்கும் விஷயம் அல்ல இது. மாதா மாதம் வீட்டுக்கு வருகிற மின்சாரக் கட்டண ரசீதில் இந்தக் கணக்கு ஒளிந்து இருக்கிறது.

பெருக்கல் தெரிந்தால் போதும்

பூமி எல்லாப் பொருள்களையும் தன்னை நோக்கி இழுக்கிறது. கையில் இருக்கும் மாங்காயை விட்டால் கீழே விழுகிறது அல்லவா? அந்த இழுப்பை எதிர்த்து நாம் ஒரு பொருளை மேலே தூக்குகிறோம். அதையே விஞ்ஞானிகள் "வேலை" என்று சொல்கிறார்கள்.

எவ்வளவு வேலை என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, பொருள் எத்தனை கிலோ? மற்றொன்று, எத்தனை மீட்டர் உயரம் தூக்கினோம்?

இவற்றோடு இன்னும் ஒரு எண் வேண்டும். அது 9.8. மேலே இருந்து விழும் ஒரு பொருளின் வேகம், ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடுகிறது. பூமி இழுக்கும் பலத்தைக் காட்டும் எண் இது. மனக்கணக்குக்கு 10 என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மூன்றையும் பெருக்குங்கள்.

கிலோ × 10 × மீட்டர். வரும் விடைக்கு "ஜூல்" என்று பெயர்.

இங்கிலாந்தில் பீர் தயாரிக்கும் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் என்ற விஞ்ஞானியின் பெயர் அது. அவர் 1818 முதல் 1889 வரை வாழ்ந்தவர். எடைக் கற்களைக் கீழே இறங்க விட்டு, அவை சுழற்றிய துடுப்பால் தண்ணீர் சூடாவதை அளந்து காட்டியவர்.

ஒரு ஜூல் என்பது எவ்வளவு? 100 கிராம் எடை உள்ள ஒரு கொய்யாப்பழத்தைத் தரையில் இருந்து ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு ஜூல். அவ்வளவுதான்!

குடத்துக்கு வருவோம். 15 லிட்டர் பிடிக்கும் குடம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே 15 கிலோ. தரையில் இருந்து இடுப்புக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்.

15 × 10 × 1 = 150 ஜூல்.

அந்தக் குடத்தை 10 மீட்டர் உயரமுள்ள மொட்டை மாடிக்கு ஏற்றினால் 15 × 10 × 10 = 1,500 ஜூல்.

சுமந்து நடந்தால் வேலை இல்லையா?

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடக்கிறீர்கள். குடம் மேலேயும் போகவில்லை; கீழேயும் வரவில்லை. பூமியின் இழுப்பை எதிர்த்துச் செய்த வேலை எவ்வளவு?

பூஜ்யம்!

குடத்தைத் தலையில் வைத்தபடி ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால்? அதுவும் பூஜ்யம்தான்.

"இடுப்பு ஒடிகிறது, இது வேலை இல்லையா?" என்று தாய்மார்கள் கோபப்படுவார்கள். நியாயமான கோபம்! குடத்துக்குத்தான் வேலை பூஜ்யம். உடம்புக்கு அப்படி இல்லை. சுமையைத் தாங்கி நிற்கும்போது தசைகள் இறுகிக்கொண்டே இருக்கின்றன. அதற்காக உடம்பு, சாப்பிட்ட உணவின் சக்தியைச் செலவழிக்கிறது. அந்தச் சக்தி வெப்பமாக மாறிப் போகிறது. வேர்ப்பது அதனால்தான்.

எனவே "வேலை" என்ற சொல் விஞ்ஞானத்தில் ஒரு பொருளிலும், வீட்டில் வேறு பொருளிலும் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு இட்லி போதும்!

மறுபடியும் சைக்கிளுக்கு வருவோம்.

ஆள் 60 கிலோ. சைக்கிள் 15 கிலோ. மொத்தம் 75 கிலோ. கடற்கரைச் சாலையில் இருந்து லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு ஏறும் உயரம் 35 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

75 × 10 × 35 = 26,250 ஜூல்.

சிறிய இட்லி ஒன்றில் 40 கிலோ கலோரி சக்தி இருப்பதாகக் கொண்டால், அது ஒரு லட்சத்து 60 ஆயிரம் ஜூலுக்கு மேல். அதில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் நம் தசைகள் வேலையாக மாற்ற முடியும். அந்தக் கால் பங்கே 40 ஆயிரம் ஜூல்! மேடு ஏறுவதற்கு மட்டும் என்றால் ஒரு இட்லி தாராளமாகப் போதும். எதிர்க்காற்றுக்கும், சக்கரத்தின் உராய்வுக்கும் தனியாகச் சாப்பிட வேண்டும்.

நேர் வழியில் ஏறினாலும், சுற்று வழியில் ஏறினாலும், உயரம் ஒன்றே என்றால் பூமிக்கு எதிரான வேலையும் ஒன்றே. சாய்வான பாதையில் ஒரே நேரத்தில் போட வேண்டிய பலம் குறையும். ஆனால் தூரம் கூடும். லாரியில் பீப்பாய் ஏற்றுபவர்கள் பலகையைச் சாய்த்து வைத்து உருட்டுவது இதனால்தான்.

மேட்டில் ஏறியபோது செய்த வேலை வீணாவது இல்லை. திரும்பி இறங்கும்போது பூமி அதைத் திருப்பிக் கொடுக்கிறது. சைக்கிள் தானாக ஓடுவது நாம் முன்னே போட்டு வைத்த முதலால்தான்!

ஏற்றம் இறைத்தவர்களின் யுக்தி

வேலை என்ற சொல்லுக்கு இந்தப் பொருளைக் கொடுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் கொரியோலி. யந்திரங்களைப் பற்றி 1829-ம் ஆண்டில் அவர் எழுதிய நூலில் பலத்தையும் தூரத்தையும் பெருக்கி, அதற்கு "வேலை" என்று பெயர் வைத்தார்.

அவருக்கு முன்பே கூலோம் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, ஒரு மனிதன் ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று ஆராய்ந்தார். சுமை தூக்கிக்கொண்டு படி ஏறுபவனைவிட, வெறும் உடம்போடு ஏறுபவன் ஒரு நாளில் மொத்தத்தில் அதிக வேலை செய்கிறான் என்று அவர் கண்டார். அதாவது, தன் உடம்பைத் தானே தூக்குவதுதான் மனிதனுக்கு எளிது.

நம் ஊர் விவசாயிகளுக்கு இது எப்போதோ தெரிந்து இருந்தது!

ஏற்றம் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். ஏற்றக்காலின் மேல் நீண்ட துலா மரம். அதன் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் கீழே இறங்கும். மறுபக்கம் நடந்தால் அவர் உடம்பின் எடை துலாவை அழுத்தும். தண்ணீர் நிறைந்த சால் மேலே வரும். கை வலிக்கத் தூக்கவில்லை. தன் உடம்பை மேலே ஏற்றி, அதை இறங்க விட்டுத் தண்ணீரைத் தூக்கினார்கள்.

கவலை இறைத்தபோது மாடுகள் சரிவில் இறங்கி நடந்ததும் இதே யுக்திதான். மாட்டின் எடையும் சேர்ந்து இழுத்தது.

எந்த யுக்தி செய்தாலும் கிலோ, உயரம் இரண்டும் மாறாது. வேலையைக் குறைக்க முடியாது. உடம்புக்கு ஏற்றபடி அதைப் பங்கு போட முடியும். கிணற்றின் கப்பியும் அப்படித்தான். ஒற்றைக் கப்பி வேலையைக் குறைப்பது இல்லை. மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே இழுக்க வழி செய்கிறது.

ஒரு யூனிட்டில் இத்தனை குடமா?

ஏற்றம் போய் மோட்டார் வந்துவிட்டது. மின்சாரத்தை "யூனிட்" கணக்கில் வாங்குகிறோம். ஒரு யூனிட்டில் எத்தனை ஜூல் இருக்கிறது தெரியுமா?

36 லட்சம் ஜூல்!

மொட்டை மாடிக்கு ஒரு குடம் ஏற்ற 1,500 ஜூல் என்று பார்த்தோம். 36 லட்சத்தை 1,500-ல் வகுத்தால் 2,400. அதாவது, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குள் 2,400 குடம் தண்ணீரை மாடிக்குத் தூக்கும் சக்தி அடங்கி இருக்கிறது.

கட்டிட வேலையில் மண் சுமக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் எடை 50 கிலோ. தலையில் 20 கிலோ மணல். ஆறு மீட்டர் உயரம் ஏறுகிறார். ஒரு நடைக்கு 70 × 10 × 6 = 4,200 ஜூல். நூறு நடை ஏறினால் 4 லட்சத்து 20 ஆயிரம் ஜூல்.

நாள் முழுவதும் உழைத்து ஓய்ந்த அந்த வேலை, ஒரு யூனிட் மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை!

இதில் இருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. யந்திரம் ஒரு ரூபாய்க்குள் செய்யக்கூடிய தூக்கும் வேலைக்கு ஒரு பெண்ணின் கழுத்தையும் முதுகையும் தேய்ப்பது கொடுமை. மனிதருக்குக் கொடுக்கும் கூலியை ஜூலால் அளக்க முடியாது என்பது ஒன்று. ஒரு யூனிட் மின்சாரம் அற்பமான பொருள் அல்ல என்பது மற்றொன்று. அதை வீணாக்கும்போது எத்தனை பேரின் உழைப்புக்குச் சமமான சக்தி வீணாகிறது!

ஆகாய விமானத்துக்கும் இதே கணக்கு

லாஸ்பேட்டைச் சிறுவர்கள் அண்ணாந்து பார்க்கும் ஆகாய விமானத்துக்கும் இதே பெருக்கல்தான்.

புதுச்சேரியில் இருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் 2024 டிசம்பரில் விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது. சுழலும் விசிறிகள் கொண்ட ஏ.டி.ஆர். ரக விமானம் அது. ஆட்களோடும் எரிபொருளோடும் அதன் எடை 22 டன் என்று கொள்வோம். அதாவது 22,000 கிலோ. 5,000 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும்.

22,000 × 10 × 5,000 = 110 கோடி ஜூல்.

யூனிட்டாக மாற்றினால் சுமார் 305 யூனிட். குளிர்சாதனம் ஓடும் ஒரு வீட்டின் மாதக் கணக்கைப் போன்றதுதான்! ஆனால் விமானம் எரிக்கும் எண்ணெயின் சக்தி இதைவிடப் பல மடங்கு. பெரும் பங்கு வெப்பமாகப் போகிறது. மீதியில் பெரும் பகுதி காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே செல்வதற்குச் செலவாகிறது.

தானே வந்த தண்ணீர்

புதுச்சேரியில் தண்ணீரைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லாத காலமும் உண்டு.

நகரின் நடுவில் பாரதி பூங்காவில் வெள்ளை வெளேர் என்று ஆயி மண்டபம் நிற்கிறது. தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தவள் ஆயி என்று கதை சொல்கிறார்கள். அந்த நீர் இருந்த முத்திரையர்பாளையத்தில் இருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிரான்சை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலம் அது. அவர் 1852 முதல் 1870 வரை சக்கரவர்த்தியாக இருந்தார். மேட்டில் இருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானே ஓடி வந்தது. பூமியே வேலை செய்தது!

அதன் பிறகு, 1870-களில், புதுச்சேரியில் ஆழமாகத் துளை போட்டார்கள். தண்ணீர் தானே பொங்கி மேலே வந்தது. மோட்டார் இல்லை, மாடு இல்லை, ஆளும் இல்லை. இதற்கு ஆர்ட்டீசியன் ஊற்று என்று பெயர்.

எப்படித் தானே வந்தது? உயரமான இடத்தில் பெய்த மழை மணல் அடுக்குக்குள் இறங்குகிறது. அதற்கு மேல் களிமண் அடுக்கு மூடி போல இருக்கிறது. மேட்டில் உள்ள தண்ணீரின் பாரம், பள்ளத்தில் உள்ள தண்ணீரை அழுத்துகிறது. மூடியில் ஓட்டை போட்டதும் அது மேலே கிளம்புகிறது.

அப்படியானால் வேலையைச் செய்தது யார்? சூரியன்! கடல் நீரை ஆவியாக்கி வானத்துக்கு ஏற்றியது சூரியன்தான். அந்த நீர் மழையாகி மேட்டில் விழுந்தது.

நீர்மட்டம் இறங்கினால்...

பல ஆண்டுகளாகத் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருந்தால் நிலத்தடியில் உள்ள அழுத்தம் குறையும். நீர்மட்டம் கீழே போகும். தண்ணீரை மோட்டார் வைத்துத் தூக்க வேண்டி வரும்.

இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் தண்ணீர். நீர்மட்டம் தரைக்குக் கீழே 20 மீட்டர். மாடித் தொட்டி தரைக்கு மேலே 10 மீட்டர். மொத்த உயரம் 30 மீட்டர்.

1,000 × 10 × 30 = 3 லட்சம் ஜூல்.

மோட்டாரும் பம்பும் மின்சாரம் முழுவதையும் வேலையாக மாற்றுவது இல்லை. குழாயில் உரசியும், சூடாகியும் நிறையப் போகிறது. மூன்றில் ஒரு பங்குதான் பயன்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 9 லட்சம் ஜூல் வேண்டும். இது கால் யூனிட். மாதத்துக்கு ஏழரை யூனிட்.

நீர்மட்டம் 50 மீட்டருக்கு இறங்கிவிட்டால்? மொத்த உயரம் 60 மீட்டர். உயரம் இரண்டு மடங்கு. வேலையும் இரண்டு மடங்கு. மாதத்துக்கு 15 யூனிட்!

அதே வீடு. அதே தொட்டி. அதே தண்ணீர். செலவு மட்டும் இரட்டிப்பு. ஒரு வீட்டுக்கு ஏழரை யூனிட் பெரிதாகத் தெரியாது. பத்தாயிரம் வீடுகளுக்கு மாதம் 75 ஆயிரம் யூனிட்!

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. கடலோர ஊர்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் எடுத்தால், அந்த இடத்தில் கடல் நீர் புகுந்துவிடும். புதுச்சேரிக் கரையோரத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. உப்புத் தண்ணீரை எத்தனை ஜூல் செலவழித்துத் தூக்கினாலும் சோறு பொங்க உதவாது.

தொட்டி வழிகிறது!

மாடியில் தொட்டி நிறைந்து வழிகிறது.

"அம்மா, தண்ணி வழியுது!" என்று கீழே இருந்து பையன் கத்துகிறான்.

"ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துடா கண்ணு! கரண்டு பில்லு யாரு கட்டுறது?" என்கிறாள் தாய்.

தாய் சொல்வதில் விஞ்ஞானம் இருக்கிறது. வழிந்து விழும் ஒவ்வொரு லிட்டரும் ஆழத்தில் இருந்து தூக்கி வந்தது. தூக்கிய வேலை அத்தனையும் சாக்கடையில் போகிறது.

சொட்டும் குழாயும் அப்படித்தான். வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல் போய்விடும். அதாவது ஒரு குடத்துக்கும் அதிகம். ஆண்டுக்கு 500 குடம்! நீங்களே 500 குடத்தை மாடிக்குச் சுமந்து போய் ஊற்றுவதாக நினைத்துப் பாருங்கள். நாளைக்கே குழாயைப் பழுது பார்த்துவிடுவீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை மூன்று. தொட்டி நிறைந்ததும் தானே நிற்கும் மிதவைச் சுவிட்ச் வைக்கலாம். சொட்டும் குழாயின் வாஷரை மாற்றலாம். மாடியில் விழும் மழைநீரைத் தெருவில் விடாமல் பூமிக்குள் இறக்கலாம். நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால், 1,000 லிட்டர் தூக்கும்போது 10,000 ஜூல் மிச்சம்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் வீட்டுத் தொட்டி எத்தனை லிட்டர்? கிணற்றில் தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது? தொட்டி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது? ஆழத்தையும் உயரத்தையும் கூட்டி, லிட்டரால் பெருக்கி, பத்தால் பெருக்கச் சொல்லுங்கள். விடையை 36 லட்சத்தால் வகுக்கச் சொல்லுங்கள். மோட்டாரின் நஷ்டத்துக்காக அதை மூன்று மடங்கு ஆக்குங்கள். ஒரு தொட்டி நிரப்ப எத்தனை யூனிட் என்பது தெரிந்துவிடும்.

அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.